பேயைத் தலை வாரச் சொன்ன ஆவுடையப்பன்

இந்தக் கதையில் நடந்தது கொஞ்சம், நடக்காதது நிறைய. நடக்காததையெல்லாம் சொன்னவன் ஆவுடையப்பன். அவன் சொன்னதை அப்படியே சொல்வதுதான் என் வேலை. பாவ புண்ணியக் கணக்கை அவனோடு பேசிக்கொள்ளுங்கள்.

ஆவுடையப்பனுக்கு வயது பதினாறு, வாய்க்கு மட்டும் அறுபது. ப்ளஸ் ஒன் படிக்கிறான், அல்லது படிப்பதாக வீட்டில் நம்புகிறார்கள். அவனுக்கு ஒரு தங்கச்சி, பேர் வடிவு, எட்டாம் வகுப்பு. அண்ணன் பேச ஆரம்பித்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள். அந்த வீட்டில் இன்னொரு வாய் பேச இடம் இருந்ததே இல்லை, அவளும் என்ன செய்வாள்.

காலாண்டுப் பரீட்சை லீவுக்கு இரண்டு பேரும் தூத்துக்குடியில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமா சண்முகவேல் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அத்தை பேர் பூரணம். அவர்களுக்கு ஒரே மகள் கோமு, பன்னிரண்டாம் வகுப்பு. ஆவுடையைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் அண்ணன் தங்கச்சி இருவருக்கும் அவள் கோமு மைனி. மைனி முன்னால் ஆவுடைக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடுதலாகவே நிமிரும். அதைப் பார்த்து வடிவு மனசுக்குள் சிரித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு அத்தி பூத்தாற்போல ஓய்வு கிடைத்தது. ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த புதுப் பேய்ப் படத்துக்குக் குடும்பத்தோடு போய்வரலாம் என்று போனில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். மத்தியானக் காட்சிக்கு மிச்சம் இருந்தது நாலே சீட், அதை எடுத்துப்போட்டார். வீட்டில் ஆள் ஐந்து. அத்தை, தான் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொன்னாள். மாமா விடவில்லை, கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தியேட்டரில் பார்த்த படங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். கோமு மைனிக்குப் பொதுத்தேர்வு வருஷம், இதை விட்டால் அடுத்த கோடைக்குத்தான் தியேட்டர் பக்கம் தலைகாட்ட முடியும். ஆகக்கூடி நாலாவது சீட் ஆவுடைக்கா வடிவுக்கா என்று வந்து நின்றது. கிடைக்காதவர் வீட்டில் இருந்துகொள்ள வேண்டியதுதான்.

வடிவுக்குப் பேய்ப் படம் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. பேய் வருகிற நேரத்தில் மற்றவர்கள் கண்ணைப் பொத்துவார்கள், அவள் முன்னால் நகர்ந்து உட்காருவாள். இந்தப் படத்தை அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து, கதையைச் சொல்லாமல் ஆளுக்கு ஆள் கண்ணை உருட்டிக் காட்டியே அவளைக் கொன்றுவிட்டார்கள். நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறந்தால் மறுபடியும் அந்தக் கண் உருட்டலைப் பார்த்தாக வேண்டும். நினைக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

அதற்குள் ஆவுடை முந்திக்கொண்டான். அவள் சின்னப்பிள்ளை, பயந்து காய்ச்சல் வந்துவிடும், அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று பெரிய மனுஷன் மாதிரி கவலைப்பட்டான். போன கோடையிலும் அதற்கு முந்தின பொங்கலிலும் இதையே சொல்லித்தான் அவள் சீட்டைப் பறித்தான். இந்தத் தடவை வடிவு கோபத்தோடு மாமா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, அடிச்சுக்கிடாதிய. வழக்கம்போல வச்சிருவோம்" என்றார் மாமா.

வழக்கம் என்று அவர் சொன்னது புளுகுப் பந்தயத்தை. மாமாவும் அவர் கூடப்பிறந்தவர்களும் சின்ன வயதில் கடைசி அதிரசத்துக்கும் ரயிலில் ஜன்னலோர சீட்டுக்கும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு அது. இரண்டு பேர் மாற்றி மாற்றிப் புளுக வேண்டும். எவ்வளவு பெரிய புளுகாக இருந்தாலும் எதிராளி "ஆமா, நடந்ததுதான்" என்று சொல்லியாக வேண்டும். பொறுக்கமாட்டாமல் யார் வாயிலிருந்து "பொய்" என்று முதலில் வருகிறதோ அவர் தோற்றார். சுற்றி இருப்பவர்கள் என்ன குறுக்குக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், பந்தயக்காரர்கள் மட்டும் கேட்கக்கூடாது. இந்தப் பந்தயத்தில் ஆவுடை அன்றுவரை தோற்றது கிடையாது. தலையில் இடி விழுந்தது என்று நீங்கள் சொன்னால், ஆமாம், நான்தான் குடை பிடித்தேன் என்பான்.

அத்தை சும்மா விடுவாளா, மீன்குழம்புக்கு உரிக்க வேண்டிய சின்ன வெங்காயத்தை முறத்தோடு கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வாய் புளுகட்டும், கை வேலை செய்யட்டும் என்றாள். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஆவுடை ஒரு வெங்காயத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே ஆரம்பித்தான். போன வருஷம் திருநெல்வேலியில் ஒரு பேய்ப் படத்துக்குப் போனானாம். அன்றைக்கு ஜனங்கள் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததைவிட சீட்டுக்கு அடியில் இருந்து பார்த்ததுதான் அதிகமாம். அவன் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், விசில் ஊதினால் ஆயிரம் பிள்ளைகள் அடங்குகிற ஆள், முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாராம். அந்த அம்மாளும் பயத்தில் அதைக் கவனிக்கவில்லையாம். ஆவுடை ஒருத்தன்தான் கால்மேல் கால் போட்டு வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தானாம்.

"நான் கடிச்ச சத்தத்துல பேய்க்குப் பின்னணி இசை கேக்கல மைனி. எந்த எடத்துல பாயணும்னு அதுக்குத் தெரியல. கதவுக்குப் பின்னால நின்னது நின்னபடியே நிக்கி."

பின்னணி இசை நமக்குத்தானே போடுகிறார்கள், பேய்க்கு எப்படிக் கேட்கும் என்று கோமு மைனி கேட்டாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆவுடை அவளுக்காக வருத்தப்பட்டான். கடைசியில் படம் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம். தம்பி, கடலையை இரண்டு நிமிஷம் வாயில் ஊறவைத்துத் தின்றால் புண்ணியமாகப் போகும், உள்ளே ஒரு ஜீவன் கால்கடுக்க நிற்கிறது என்றாராம்.

"ஆமா, நடந்ததுதான்" என்றாள் வடிவு.

அடுத்தது அவள் முறை. அவளுக்குப் புளுகு வராது, பாவம், தொண்டையிலேயே நின்றுவிடும். முழிபிதுங்கி யோசித்து, பேய்ப் படத்தைத் தான் கண் சிமிட்டாமல் பார்த்ததில் இரண்டு இமைக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டிவிட்டது என்றாள். மாமா பரவாயில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். வடிவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஆமா, நடந்ததுதான்" என்றான் ஆவுடை அலட்சியமாக. "நாந்தானே ஒட்டடைக் கம்பு கொண்டாந்து தட்டிவிட்டேன்."

வந்த தெம்பு அதோடு போயிற்று. அவள் கஷ்டப்பட்டுக் கட்டின வீட்டில் அவன் வந்து பால் காய்ச்சிவிட்டுப் போகிறான்.

ஆவுடை அடுத்ததை எடுத்துவிட்டான். இது இன்னொரு படமாம். இதில் பேய் வழக்கம்போல வெள்ளைச் சேலை, விரித்த தலை, முகத்தை மறைத்து முழங்கால் வரைக்கும் முடி. பாழடைந்த பங்களா. அந்த பங்களாவைப் பாதி விலைக்கு வாங்கினவனுக்கு ஏன் பாதி விலை என்று படம் முடிகிறவரைக்கும் சந்தேகம் வரவில்லையாம். கதாநாயகி கையில் விலை உயர்ந்த போன் இருக்கிறது, அதில் டார்ச் இருக்கிறது, ஆனாலும் மெழுகுவர்த்தியைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறாளாம். அத்தை இதைக் கேட்டதும், எல்லாப் படத்திலும் அந்த மூதேவிகள் அப்படித்தான் செய்கிறாளுகள் என்று உணர்ச்சிவசப்பட்டாள். பேய் மெதுவாக நடந்து கேமராவுக்கு நேரே வந்து நின்றதாம். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டதாம். அப்போது ஆவுடை எழுந்து நின்றானாம்.

"ஏம்மா, கொஞ்சம் தலையை வாரிட்டு வரக்கூடாதா, நாலு பேரு வார எடம்லா இது, அப்டின்னேன். அதுக்கு மூஞ்சி சுருங்கிட்டு. ஒண்ணும் பேசாம திரும்பி உள்ள போயிட்டு."

இடைவேளைக்குப் பிறகு பேய் எண்ணெய் தேய்த்து, சீவி, இரட்டைச் சடை போட்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்ததாம். அதன் பிறகு யார் பயப்படுவார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் என்ன எண்ணெய் என்று பேயிடம் விசாரித்தார்களாம். சாமியார் வேடம் போட்டவர் எலுமிச்சம்பழத்தோடு பாய்ந்து வந்து, பேயைப் பார்த்துவிட்டு, மன்னிக்கணும் வீடு மாறி வந்துவிட்டேன் என்று வெளியே போய்விட்டாராம்.

கோமு மைனி விடவில்லை. ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தில் பேய் எப்படிப் போய் சடை பின்னிக்கொண்டு வரும் என்று மடக்கினாள்.

"அதைத்தான் மைனி அந்த டைரக்டரும் இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்காரு."

மாமா சிரித்த சிரிப்பில் வெங்காயத் தோல் பறந்தது. வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா, நடந்ததுதான்" என்றாள். அன்றைக்குப் பேய்க்கு சடை பின்ன ரிப்பன் கொடுத்ததே தான்தான் என்று அவளால் முடிந்ததைச் சொன்னாள். அதற்கும் ஆவுடை, ஆமாம் நடந்ததுதான், அந்த ரிப்பனை வாங்கிக்கொடுத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்துக்குப் போனான். அதுவரை அவன் உரித்தது மூன்று. மிச்சத்தையெல்லாம் வடிவு உரித்திருந்தாள்.

இனி என்ன புளுகுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீட் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது அவளுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

ஆவுடைக்கோ உச்சந்தலையில் உற்சாகம். தியேட்டர் பேயெல்லாம் ஒரு பேயா, வீட்டுக்கு வந்த பேயைச் சொல்கிறேன் கேளுங்கள் என்று சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டான். ஒருநாள் டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்ததாம். பேய்க்கு இவனை நேரில் பார்த்து நியாயம் கேட்டுவிட வேண்டும் என்று வெறி. டிவிக்கு உள்ளிருந்து தலையை வெளியே நீட்டிவிட்டது. அவர்கள் வீட்டு டிவி சின்னது, பழசு. தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு மாட்டிக்கொண்டது. முன்னாலும் வரமுடியவில்லை, பின்னாலும் போகமுடியவில்லை. பேய் ஓவென்று அழுததாம். ஆவுடைதான் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து சுற்றிலும் தடவி, ஆட்டி அசைத்து, ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுத்தானாம்.

எடுத்து ஃபேனுக்கு நேராக உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்தானாம். குடித்து முடித்ததும் பேய் மனசைத் திறந்து கொட்டிவிட்டதாம். பங்களா பங்களாவாகத் தூசிக்குள் கிடந்து மூக்கு அடைத்துப்போய்விட்டது. கொலுசு உரசி கணுக்காலெல்லாம் புண். தினமும் அந்த வெள்ளைச் சேலைக்குச் சொட்டு நீலம் போட்டே கை போய்விட்டது. பயமுறுத்தலாம் என்று வந்தால் பங்களாவுக்குள் ஏற்கெனவே ஐந்து காமெடிக்காரர்கள் விழுந்து புரண்டுகொண்டிருக்கிறார்கள், அவர்கள் முடிக்கிறவரைக்கும் அலமாரிக்குள் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பாகத்தில் நிலத்துக்காக ஒருத்தன் கொன்றான், இரண்டாம் பாகத்திலும் அதே ஆள் அதே நிலத்துக்காகக் கொன்றான். இப்போது நாலாம் பாகத்துக்கும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், செத்தும் ஓய்வில்லை என்று கண்ணைக் கசக்கியதாம்.

"பென்ஷன் உண்டாமா?" என்று கேட்டார் மாமா.

"அதைச் சொல்லித்தான் மாமா ரொம்ப அழுதுச்சு."

மாமா உண்மையாகவே கவலைப்பட்டு, உரித்த வெங்காயத்தையே மறுபடியும் உரித்தார். அத்தை அவரைப் பார்த்துவிட்டு வெங்காயத்தைப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பேய் போய் மற்ற பேய்களிடம் சொல்ல, இவன் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டதாம். ஆவுடை அவர்களுக்கு டியூஷன் எடுத்தானாம், மாலை ஒரு பேட்ச், காலை ஒரு பேட்ச். ஃபீஸுக்குப் பதில் வீட்டு வேலை. கால் தரையில் படாத பேயை அம்மா ஒட்டடை அடிக்கவைத்தாளாம், ஸ்டூல் செலவு மிச்சம். கழுத்தை முழுச்சுற்றும் திருப்புகிற பேயை மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்துக்குக் காவல் வைத்தாளாம். அதற்கு முன்னால் நாலு திசைக் காக்காயையும் ஒரே ஆள் பார்த்தது அந்தத் தெருவில் கிடையாதாம். அத்தைக்கு அப்படி ஒரு பேய் கிடைத்தால் தேவலை என்று இருந்தது, வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அப்போது வடிவு எங்கே இருந்தாள் என்று கோமு மைனி சும்மா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"அதை ஏன் கேக்கிய மைனி. கட்டிலுக்கு அடியில பாயைச் சுத்திக்கிட்டுக் கெடந்தா. 'அண்ணே, என்னைக் காப்பாத்து'ன்னு ஒரே அழுகை. பேயே எறக்கப்பட்டு, சின்னப்பிள்ளையப் போட்டு ஏன் பயமுறுத்துதியன்னு என்னையத் திட்டுச்சுன்னா பாத்துக்கிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடை அதோடு விடாமல் முத்தாய்ப்பும் வைத்தான். இன்றைக்குப் போகிற படத்தில் நடித்த பேய், ஆவுடையப்பன் தியேட்டருக்குள் வரமாட்டான் என்று எழுதிக் கொடுத்தால்தான் நடிப்பேன் என்று சொல்லித்தான் ஒத்துக்கொண்டதாம். தான் நேராகப் போய் உட்கார்ந்தால் அது கண்டுகொண்டு திரையைக் கிழித்து ஓடிவிடும், பிறகு ஊர் ஜனங்கள் காசு கொடுத்து வெறும் பங்களாவைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் மாமாவின் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு, யாரோ மாதிரி பின்வரிசையில் உட்காரப்போகிறானாம். சொல்லிவிட்டு, எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, தங்கச்சியிடம் வந்து நின்றான்.

"என்னட்டி, சொல்லு."

அவள் சொல்லியாக வேண்டும். பொய் என்றால் தோற்றாள். நடந்தது என்றால் கட்டிலுக்கு அடியில் பாயைச் சுற்றிக்கொண்டு அழுதவள் அவள்தான் என்று அவள் வாயாலேயே ஆகிறது. கோமு மைனி வேறு அவளைப் பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் வடிவுக்குத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, நடந்ததுதான்."

"கெட்டிக்காரி" என்றான் ஆவுடை. "இப்ப உன் முறை. சீக்கிரம் சொல்லு, நான் குளிச்சிட்டுக் கிளம்பணும்."

வடிவு முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறக்கிற பேய், நீந்துகிற பேய் என்று இரண்டு மூன்று அவள் மனசில் வந்தது. எதைச் சொன்னாலும் அவன் ஆமாம் என்று விழுங்கி ஏப்பம் விடுவான். அவன் விழுங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று இத்தனை நாளும் வைத்திருந்தாள். எப்படியிருந்தாலும் அண்ணன் அல்லவா. அதிலும் மைனி முன்னால் சொன்னால் அவன் முகம் என்னத்துக்கு ஆகும் என்று தோன்றியது. ஆனால் கட்டிலுக்கு அடியில் பாயைச் சுற்றினது யாராம் என்றும் தோன்றியது. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஆடி மாசம் அம்மாவும் அப்பாவும் திருச்செந்தூர் போயிருந்தாவ" என்று ஆரம்பித்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வீட்ல அண்ணனும் நானுந்தான். டிவியில பேய்ப் படம் போட்டான். அண்ணன் படத்தைப் பாக்கல, சொவத்துல தொங்குத காலண்டரையே பாத்துக்கிட்டிருந்தான். பேய் வந்துட்டு, போயிட்டுன்னு நாந்தான் சொல்லிக்கிட்டே இருக்கணும். போயிட்டுன்னு சொன்னாத்தான் திரும்புவான். ஒருதடவ அது போறதுக்கு முன்னாலயே போயிட்டுன்னு சொல்லிட்டேன். திரும்பிப் பாத்துட்டு அழுதுட்டான்."

ஆவுடை கையில் இருந்த வெங்காயம் உருளுவதை நிறுத்தியது.

"அதுக்குப் பெறவு கொஞ்ச நாளு பாத்ரூமுக்குத் தனியாப் போமாட்டான். நான் கதவுக்கு வெளிய நிக்கணும். நின்னா மட்டும் பத்தாது, பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னுட்டுன்னா உள்ள இருந்து வடிவு, வடிவுன்னு கூப்பிடுவான். அவ்வளவு நேரம் நான் என்ன பேச? சமூக அறிவியல் புக்கை எடுத்துட்டுப் போயி ஒவ்வொரு பாடமா வாசிச்சேன். காலாண்டுப் பரீட்சையில அதுல ஒரு கேள்விகூட நான் விடல. படுக்கும்போது என் சடையைக் கைல சுத்திக்கிட்டுத்தான் படுப்பான். நான் எந்திரிச்சுப் போயிரக்கூடாதாம். திரும்பிக்கூடப் படுக்க முடியாது. பாவமா இருந்துச்சு, அதான் நான் யார்ட்டயும் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. கோமு மைனி ஆவுடையைத் திரும்பிப் பார்த்தாள். காதிலிருந்து கழுத்துவரை அவன் சிவந்துபோயிருந்தான்.

"பொய்" என்று எழுந்தே நின்றுவிட்டான். "பொய் சொல்லுதா மாமா. அத்தனையும் பொய்."

மாமா விரலில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டார். தினமும் ஆயிரம் பேரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"மாப்ள, உன் ஸ்டாப்பிங் வந்துட்டு. எறங்கு."

ஆவுடைக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அவசரத்தில் புத்தி தடுமாறி, இருந்த கொஞ்சநஞ்சத்தையும் கெடுத்துக்கொண்டான்.

"அதெப்படி மாமா? இது புளுகுப் பந்தயம். இதுல போயி யாராவது நடந்ததைச் சொல்லுவாவளா? இது கள்ளாட்டம்."

"அப்ப இது நடந்ததா?" என்றாள் கோமு மைனி.

மாமா பொறுமையாக அவனுக்கு வழி எடுத்துச் சொன்னார். வடிவு சொன்னது நிஜம் என்று ஒத்துக்கொண்டால் அவள் புளுகவில்லை, பந்தயத்தை மீறினாள், டிக்கெட் ஆவுடைக்கு. பொய் என்றால், அந்தச் சொல் முதலில் வந்தது அவன் வாயிலிருந்து, டிக்கெட் வடிவுக்கு. எது வேண்டுமோ சொல்லிக்கொள்ளலாம், மாமாவுக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆவுடை மாமாவைப் பார்த்தான், போனில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தான், கடைசியாக மைனியைப் பார்த்தான்.

"பொய்தான்" என்றான், யாருக்கும் சரியாகக் கேட்காதபடி.

வடிவு துள்ளிக் குதிப்பாள் என்று அத்தை எதிர்பார்த்தாள். அவள் குதிக்கவில்லை. மிச்சம் இருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு, முகம் கழுவப் போனாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே அண்ணன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது.

ஆவுடையப்பனா அதற்கெல்லாம் அசருவான். மீன்குழம்புச் சோறு இரண்டாம் தடவை வாங்கும்போதே பழைய நிலைமைக்கு வந்துவிட்டான். தான் வேண்டுமென்றேதான் தோற்றதாகவும், காலையில் பேய் கனவில் வந்து, இந்த ஒரு படமாவது ஒழுங்காக ஓடட்டும், பிள்ளைகுட்டிக்காரி நான் என்று காலில் விழுந்ததாகவும் சொன்னான். அத்தை, போனால் போகிறது, இன்னொரு துண்டு மீன் வைத்துக்கொள் என்று போட்டாள்.

எல்லாரும் கிளம்பியாயிற்று. அத்தை பட்டுச் சேலை கட்டியிருந்தாள், பேய்ப் படத்துக்கு எதற்குப் பட்டு என்று கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. வாசலில் இறங்கி நின்றுகொண்டு ஆவுடையிடம் சொன்னாள், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள், பின்வாசல் கொக்கி சரியாக விழாது, காற்றுக்குத் தானாகத் திறந்து திறந்து மூடும், அதைக் கண்டுகொள்ளாதே, ஆறு மணிக்குள் வந்துவிடுவோம் என்று. தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடை திரும்பி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஹாலில் ஃபேன் சுற்றியது. பின்வாசல் கதவு ஒருதடவை திறந்து மூடியது.

அவர்கள் தெருமுனை போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆவுடை ஓடிவந்தான்.

"நானும் வாரேன் மாமா."

டிக்கெட் இல்லையே மாப்ள என்றார் மாமா. உள்ளே வரவில்லை, தியேட்டருக்கு வெளியே நின்றுகொள்கிறேன், கூட்டத்தில் மைனிக்கும் அத்தைக்கும் ஒரு துணை வேண்டாமா என்றான். பட்டப்பகலில் எங்களுக்கு எதற்குத் துணை என்று கோமு மைனி கேட்க வாயெடுத்தாள். வடிவு அவள் கையை மெல்ல அழுத்தினாள். அண்ணனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததையும், சாவி பிடித்த கை இன்னும் இறுகியிருந்ததையும் அவள் பார்த்தாள். காலையிலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"வா அண்ணே" என்றாள். "தியேட்டருக்கு எதிர்த்தாப்ல டீக்கடை இருக்கு, அங்கன ஆளுங்க இருப்பாவ. இன்டர்வெல்ல நான் வெளிய வந்து குரல் கொடுக்கேன்."